கேண்டில்ஸ்டிக்: தமிழில் மெழுகுதிரி

பங்குச்சந்தையில் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பவர்கள், நாலு நாள் வைத்திருந்து விற்பவர்கள் என எல்லோர் வாயிலும் ஓயாமல் வரும் சொல் கேண்டில். "கேண்டில் க்ளோஸ் ஆகட்டும், அப்புறம் என்ட்ரி எடுக்கலாம்" என்பார்கள். முழுப்பெயர் கேண்டில்ஸ்டிக். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு பங்கின் விலை எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எவ்வளவு மேலே போனது, எவ்வளவு கீழே இறங்கியது என்ற நான்கு எண்களை ஒரே உருவத்தில் காட்டும் குறி அது.

ஒரு பங்கு 500 ரூபாயில் தொடங்கி, 494 வரை இறங்கி, 515 வரை ஏறி, 512-ல் முடிந்தது என்று வையுங்கள். 500-க்கும் 512-க்கும் நடுவே வரும் தடித்த கட்டம் அதன் உடல். கீழே 494 வரைக்கும் மேலே 515 வரைக்கும் நீளும் மெல்லிய கோடுகள்தான் விக், அதாவது திரி. தொடங்கியதைவிட மேலே முடிந்ததால் பச்சை. கீழே முடிந்திருந்தால் சிவப்பு. நம் தேசிய பங்குச்சந்தையின் வழக்கமான நேரம் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை, மொத்தம் 375 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேண்டில் வரும் சார்ட்டில் (வரைபடத்தில்) அது 75 கேண்டில், பதினைந்து நிமிட சார்ட்டில் 25, நாள் சார்ட்டில் ஒன்றே ஒன்று.

சொல்லின் வேர் ஜப்பானில் இருக்கிறது, அதுவும் அரிசி வியாபாரத்தில். ஒசாகாவின் டோஜிமா அரிசிச் சந்தையில் கிடங்கு அரிசிக்கான சீட்டுகள் கைமாறின. 1730-ல், அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசு அந்த வியாபாரத்துக்கு முறைப்படி அனுமதி தந்தது. பின்னால் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிகத்தின் தொடக்கம் என்று பலரும் அதைத்தான் சொல்வார்கள். சகாட்டா ஊரின் அரிசி வணிகர் ஹொம்மா முனேஹிசா (1724–1803) இந்த வரைமுறையைக் கண்டுபிடித்தார் என்று யூடியூபில் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். விலைப்போக்கையும் வியாபாரிகளின் மனப்போக்கையும் சேர்த்துக் கவனித்தவர் என்பதில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இன்று நாம் பார்க்கும் உருவத்தில் அவரே வரைந்தார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது, அதற்குப் பின் வந்த மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) உருவானதாக இருக்கலாம் என்பதே ஆய்ந்தவர்கள் கருத்து.

ஜப்பானியர் இதை ரோசோக்கு-ஆஷி என்கிறார்கள். ரோசோக்கு என்றால் மெழுகுவர்த்தி, ஆஷி என்றால் கால். நாள் சார்ட்டுக்கு ஹி-ஆஷி, வார சார்ட்டுக்கு ஷூ-ஆஷி என்று சந்தை வழக்கில் ஆஷியை ஒட்டிச் சொல்வது அங்கே இயல்பு. 1991-ல் அமெரிக்கரான ஸ்டீவ் நைசன் இதைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகுதான் மேற்கு நாடுகளில் இது பரவலானது, கேண்டில்ஸ்டிக் என்ற பெயரும் நிலைபெற்றது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பழைய பொருள் மெழுகுவர்த்தியை நிறுத்தி வைக்கும் தாங்கி. அதை அப்படியே பெயர்த்து "மெழுகுவர்த்தித் தண்டு", "மெழுகுவர்த்தி குச்சி" என்றெல்லாம் எழுதுவது எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் மூலச் சொல்லில் தண்டும் இல்லை, குச்சியும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மெழுகுவர்த்தி என்பதில் வரும் வர்த்தி வடசொல், பொருள் திரி. ஊதுவத்தியில் இருக்கும் வத்தியும் அதுதான். அதையே தமிழாக்கினால் மெழுகுதிரி. இது புதிதாக உருட்டிய சொல் இல்லை. இலங்கைத் தமிழர் அன்றாடம் புழங்குவது, மலையாளத்திலும் மெழுகுதிரிதான். ஆக, கேண்டில்ஸ்டிக் சார்ட் என்பதை மெழுகுதிரி வரைபடம் என்று தயங்காமல் எழுதலாம். இனி திரி என்று சொன்னால் முழு மெழுகுதிரிதான், மெல்லிய கோட்டை விக் என்றே சொல்கிறேன்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வடிவங்களின் பெயர்கள். பெரிய சிவப்பு, அடுத்து தயங்கி நிற்கும் சின்னது, அதற்கடுத்து முதல் சிவப்புக்குள் ஆழமாக ஏறி முடியும் பச்சை. இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கக்கூடும் என்று காட்டும் இந்த மூன்று திரி வடிவத்தை "காலை நட்சத்திரம்" என்று எழுதுகிறார்கள். ஜப்பானிய மூலத்தில் அது அக்கே நோ மியோஜோ, பொழுது புலரும்போது தெரியும் வெள்ளிக் கோள். நம்மிடம் விடிவெள்ளி என்று அச்சாக அதே சொல் இருக்கும்போது காலை நட்சத்திரம் எதற்கு? உச்சியில் வரும் எதிர்வடிவத்துக்கு அந்திவெள்ளி. ஹராமி என்றால் கருவுற்றிருப்பது: முந்தைய பெரிய உடலுக்குள் அடங்கி நிற்கும் சிறிய உடல், சூல்திரி எனலாம். மாருபோசு மழித்த தலை, இரு முனையிலும் விக் நீட்டாத வெறும் உடல், அதற்கு மொட்டை பொருந்தும். தொடக்கமும் முடிவும் ஒரே விலையில் நிற்கும் டோஜிக்குச் சமன்திரி என்பது என் பரிந்துரை.

பெயர் தெரிந்ததும் ஆர்டர் போட ஓடிவிட வேண்டாம். மேலே சொன்ன 500–512 திரியில் விலை முதலில் 494-க்கு இறங்கிப் பிறகு ஏறியதா, 515-ஐத் தொட்டுவிட்டு 494 வரை விழுந்து மீண்டதா என்பது அந்தத் திரியைப் பார்த்தால் தெரியாது. 496-ல் ஸ்டாப்லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் விற்றுவிடும் ஆர்டர், போட்டிருப்பவருக்கு இந்த வரிசைதான் எல்லாமே, அதைப் பார்க்க இன்னும் சிறிய கால அளவின் சார்ட்டுக்குத்தான் போக வேண்டும். திரி முடிவதற்கு முன்பே "விடிவெள்ளி வந்துவிட்டது" என்று சொல்வதும் தவறு, கடைசி நிமிடத்தில்கூட உடலின் நிறம் மாறிவிடும். 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே, அதாவது அன்றைக்கே வாங்கி விற்கும் வியாபாரம், செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டப்பட்டதாக 2024 ஜூலையில் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

நிறத்திலும் ஒரு எச்சரிக்கை: ஜப்பானில் இன்று பொதுவாகச் சிவப்புதான் ஏற்றம், இறக்கத்துக்குப் பச்சையோ நீலமோ வரும். அங்கிருந்து எடுத்த படங்களை வைத்துப் படிப்பவர்கள் முதலில் எந்த நிறம் எதற்கு என்று பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.