பாரிஸுக்குப் போய்வந்த பிள்ளையை உடனே எடைபோடாதீர்கள்

மதுரையில் ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன். ஆனி பிறந்தால் போதும், யாராவது ஒரு தந்தை வந்து உட்கார்ந்துவிடுவார். "நகையை அடகு வைத்தாவது பையனைப் பாரிஸுக்கு அனுப்பிவிடட்டுமா சார்?" நகையை வைக்காதீர்கள் என்பேன். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். இல்லையென்றால் கையிருப்புக்கு ஏற்றபடி இரண்டு மாதம் பார்த்துவிட்டு வரட்டும். பார்ப்பதுதான் முக்கியம். அச்சில் பார்த்த படத்தில் வண்ணத்தின் கனம் தெரியாது. லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று, மூலப் படத்தின் எதிரிலேயே நின்று பிரதி எடுக்கலாம். மூலத்தின் அளவிலேயே எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என்னிடம் படித்த ஒருவன் ஓராண்டு அங்கே இருந்துவிட்டு வந்தான். வந்த புதிதில் வரைந்ததெல்லாம் ஒரே சாம்பல். வைகையை வரைந்தால் அதிலும் மார்கழி மாதத்துப் பாரிஸ் வானம். பணம் வீணாகிவிட்டதென்று வீட்டில் புலம்பினார்கள். பொறுக்கச் சொன்னேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் முற்பகல் வெயிலில் உட்கார்ந்து வரைந்த ஒரு தாளைக் கொண்டுவந்தான். முன்பெல்லாம் நிழல் என்றால் கறுப்பைக் கரைத்து இழுத்துவிடுவான். இதில் கல்படியின் நிழலுக்குள் ஊதா இருந்தது; வெயில் தொடும் விளிம்பில் மெல்லிய செங்காவிக் கோடு. "இத்தனை வருடம் இங்கேயே இருந்தும் இது என் கண்ணில் படவில்லை சார்" என்றான்.

படாததில் வியப்பில்லை. டிசம்பர் நண்பகலில் பாரிஸில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 18 பாகைதான் ஏறும், மதுரையில் 57. அந்தச் சோகை வெளிச்சத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவனுக்குத்தான் நம் ஊர் வெயில் ஒரு பொருளாகத் தெரிகிறது.

பெரிய ஓவியர்களுக்கும் இதற்கு நாள் பிடித்திருக்கிறது. பாரிஸில் பயின்ற அம்ரிதா ஷேர்கில் 1934இல் இந்தியா திரும்பினார். அவருடைய தென்னிந்திய ஓவியங்கள் மூன்றும் அஜந்தாவையும் தெற்கையும் சுற்றிப் பார்த்த பிறகு, 1937இல் வந்தவை. எஸ்.எச். ரஸா 1950இல் பிரான்ஸுக்குப் போனவர். சிறுவயதில் மத்தியப் பிரதேசப் பள்ளியில் ஆசிரியர் சுவரில் வைத்துக் காட்டிய புள்ளி, 'பிந்து' என்ற பெரிய வட்டமாக அவர் கேன்வாஸில் வந்து உட்கார, அங்கே போன பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. பிள்ளை விமானத்திலிருந்து இறங்கிய மறுமாதமே கண்காட்சிக்கு அரங்கம் பிடிக்கும் பெற்றோரிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. சுருங்கட்டும்.

வந்தவனை முதலில் அழகர்கோவில் வசந்த மண்டபத்துக்குத்தான் அனுப்பினேன். நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. சிறுவயதில் ஆடித் திருவிழாவுக்குப் போனபோதெல்லாம் நிமிர்ந்தே பார்க்காமல் கடந்த இடம். இப்போது சனிக்கிழமைதோறும் ஸ்கெட்ச் புத்தகத்தோடு பஸ் ஏறிவிடுகிறான். அந்த ஓவியங்களின் சிவப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லையாம்.