அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்

அப்பாவின் புற்றுநோய் இனிக் குணமாகாது என்று தெரிந்ததும், கோலாலம்பூரில் நான் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறைக்கு வெளியே என்னைத் தனியாக அழைத்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு ஒடிஞ்சிடுவாரு" என்கின்றன. பாசத்தில் கேட்கிறார்கள், புரிகிறது. ஆனால் அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். கீமோவை நிறுத்தியதும், சிங்கப்பூரிலிருந்து தங்கை திடீரென வந்து நிற்பதும், மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போவதும் அவர் கண்ணில் படாதா? பிள்ளைகளுக்காகத் தெரியாதது போல இருக்கிறார். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

மறைப்பதால் போவது நேரம். பிறந்த எஸ்டேட் தோட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், பேசாமல் போன தம்பியைக் கூப்பிட வேண்டும், இபிஎப் சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று சரிபார்க்க வேண்டும். இதற்கெல்லாம் காரில் உட்காரவும் கையெழுத்துப் போடவும் தெம்பு வேண்டும். கடைசி வாரத்தில் சொன்னால் அந்தத் தெம்பு இருக்காது.

எப்படிச் சொல்வது? முதலில் அவரையே கேளுங்கள்: "உங்க நோயைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் "பெரியவன்கிட்ட பேசிக்கோங்க" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான், மதிக்க வேண்டும்.

உண்மையைக் கேட்ட பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என மரணத்தை எதிர்கொள்பவர்களுக்கு வரும் ஐந்து நிலைகளை எழுதினார். அவை வரிசையாக வருவதில்லை. காலையில் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைப்பவர், மாலையில் அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொள்வார். இரண்டும் மனதாரச் சொல்வதுதான், திருத்தப் போகாதீர்கள். கோபம் பெரும்பாலும் கஞ்சி கொண்டுவரும் மனைவி மீதுதான் விழும். அந்த அம்மாவிடம் யாராவது தனியாக உட்கார்ந்து பேசுங்கள். நாள் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்து, பேரப்பிள்ளை வந்தும் திரும்பாதவரை மட்டும் "கவலை இருக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு இந்த நிலையிலும் சிகிச்சை உண்டு.

வலியையும் அவதியையும் குறைக்கத் தரும் வலித்தணிப்புச் சிகிச்சை (palliative care) என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பயப்படுகிறோம். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையுடன் இதையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் 8.9 மாதத்துக்கு மேல். மார்ஃபின் என்ற வலி மருந்துக்கும் இப்படித்தான் பயப்படுகிறோம். சரியான அளவில் கொடுத்தால் வலியும் மூச்சுத்திணறலும் குறையும், உயிரைப் பறிக்காது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் செராஸில் உள்ள ஹோஸ்பிஸ் மலேசியா என்ற தொண்டு அமைப்பு வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. சிகிச்சை தரும் டாக்டரிடம் அங்கே அனுப்புகைக் கடிதம் (referral letter) கேளுங்கள். அப்பா கிளினிக்குக்கு நடந்து வரும்போதே கேட்டுவிடுங்கள்.