அடியபாட்டிக்: வெப்பம் கடவா நிலை

பதினொன்றாம் வகுப்புக்கு வெப்ப இயக்கவியல் நடத்தும் ஆண்டுகளில், விடைத்தாள்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'வெப்பமாறா நிகழ்வில் வெப்பநிலை மாறாது.' நெட்டுருப் போடாமல், சொல்லின் பொருளை யோசித்து எழுதுகிற பிள்ளைகள்தாம் இதில் அதிகம் சிக்குகிறார்கள். அதுதான் என் வருத்தம். பிழை அவர்களிடம் இல்லை, நாம் கொடுத்த சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அடியபாட்டிக் என்பதைத்தான் தமிழில் 'வெப்பமாறா' என்று எழுதிவருகிறோம். கலனில் அடைத்த வாயுவுக்குள் வெளியிலிருந்து வெப்பம் வரக்கூடாது, உள்ளிருப்பதும் வெளியேறக்கூடாது. அப்படி இருக்கும்போது வாயு அமுங்கினாலும் விரிந்தாலும் அது அடியபாட்டிக் மாற்றம். நிபந்தனை வெப்பத்துக்கு மட்டும்தான். வெப்பநிலை ஏறலாம், இறங்கலாம். வெப்பநிலை மாறாமல் இருப்பது ஐசோதெர்மல் என்ற வேறொரு நிகழ்வு. அதைச் சரியாகவே 'வெப்பநிலை மாறா நிகழ்வு' என்கிறோம். ஆக, இரண்டையும் பிரிப்பது 'நிலை' என்ற ஈரெழுத்து. தேர்வு அவசரத்தில் அது யார் கண்ணில் படும்?

மூலச்சொல் கிரேக்கம். 'அ' என்றால் இல்லை, 'டியா' என்றால் ஊடாக, 'பாட்டோஸ்' என்றால் கடக்கத்தக்க. சேர்த்தால், ஊடே கடக்க முடியாத. பண்டைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் ஆறுகளைப் பற்றி இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார்: இறங்கிக் கடக்க இயலாத ஆறு. 19ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் அதை வெப்பத்துக்குக் கொண்டுவந்தார். 1871இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் ராங்கின் பெயரைச் சொல்லியே அதை எடுத்தாண்டார். கலனின் சுவர்தான் அந்த ஆறு. வெப்பம் இக்கரையிலேயே நின்றுவிடுகிறது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது முறை விரைவாக அடித்துவிட்டு, குழாயின் அடியில், ரப்பர் டியூப் புறப்படும் இடத்தில் விரலை வையுங்கள். சுடும். வாஷர் உரசுவதால் வந்த சூடு என்று மாணவர்கள் சொல்வார்கள். அதுவும் ஓரளவு உண்டு. ஆனால் வாஷர் குழாய் முழுவதும்தானே உரசுகிறது, அடிப்பகுதி மட்டும் ஏன் கூடுதலாகச் சுடவேண்டும்? காற்று நெருக்குண்பது அங்கேதான். உங்கள் கை செய்த வேலை காற்றின் உள்ளாற்றலாகச் சேர்ந்து வெப்பநிலையை உயர்த்துகிறது. வெளியிலிருந்து வெப்பம் எதுவும் உள்ளே போகவில்லை.

டீசல் எஞ்சின் ஓடுவதே இதை நம்பித்தான். 27 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்குக்கு அமுக்குவதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் சற்றும் வெளியேறாவிட்டால் வெப்பநிலை ஏறத்தாழ 630 டிகிரியைத் தொடும். அழுத்தம் 48 மடங்காகும். வெப்பநிலை மாறாமல் அமுக்கியிருந்தால் அழுத்தம் 16 மடங்கோடு நின்றிருக்கும். அந்தச் சூட்டில் டீசல் தெளிக்கப்பட்டதும் பற்றிக்கொள்கிறது, தீப்பொறி பிளக் தேவையில்லை. இரும்புச் சிலிண்டர் வெப்பத்தை நன்றாகக் கடத்துமே என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் ஓர் அமுக்கம் முடிய விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள் பெரும்பகுதி வெப்பம் வெளியேற வழியில்லை. சுவர் செய்யவேண்டிய காவலை வேகம் செய்துவிடுகிறது.

ஒலியின் கதையும் இதுதான். காற்று அமுங்கி விரியும்போது வெப்பநிலை மாறாது என்ற கணக்கில் அமைந்த நியூட்டனின் சூத்திரம், 0 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 280 மீட்டர் என்றது. அளந்தால் 331 மீட்டர். ஒலியலையின் நெருக்கங்கள் வெப்பம் நகர நேரமின்றி நிகழ்பவை என்று பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் திருத்திய பிறகே கணக்கு பொருந்தியது. நியூட்டனே இடறிய இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளை இடறுவதற்கு மதிப்பெண் குறைக்கும்போது எனக்குக் கை தயங்கும்.

'வெப்பமாறா' சரியாகத் தோன்றும் இடம் ஒன்று உண்டு: வீட்டு பிளாஸ்க். இரட்டைக் கண்ணாடிச் சுவர், நடுவே வெற்றிடம், வெள்ளிப் பூச்சு. உள்ளே யாரும் எதையும் அமுக்கவில்லை, பருமனும் மாறவில்லை. அதனால் வெப்பம் கடக்காததோடு வெப்பநிலையும் வெகுநேரம் அப்படியே இருக்கிறது. இந்தப் பழக்கமே பிள்ளைகளின் மனத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். குக்கர் இந்தப் பேச்சில் சேராது. மூடிய கலன்தான், ஆனால் அடுப்பின் வெப்பம் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

சரி, எந்தச் சொல்? தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' என்கிறது. நீளம்தான், ஆனாலும் பொருள் பிசகவில்லை. இலங்கையில் 'சேறலில்லா' என்று படிக்கிறார்கள். சேறல் என்றால் செல்லுதல். கிரேக்கச் சொல்லின் உயிரைப் பிடித்த அழகான ஆக்கம், ஆனால் எது செல்லவில்லை என்பதை அது சொல்வதில்லை. என் வகுப்பில் நான் 'வெப்பங்கடவா' என்று எழுதிப்போடுகிறேன். கடத்தல், கடத்தி என்று வெப்பப் பாடத்தில் ஏற்கெனவே புழங்கும் வேர்தான். வெப்பங்கடவாச் சுவர், வெப்பங்கடவா விரிவு, வெப்பங்கடவா அமுக்கம் என்று எளிதாகப் புணர்கிறது. இதைச் சொல்லிவிட்டு, 'அப்படியானால் வெப்பநிலை?' என்று கேட்டால், முன்வரிசையிலிருந்து 'அது மாறலாம் ஐயா' என்று பதில் வருகிறது.