டிராஃபிக்: போக்குவரத்தா, நெரிசலா, வரத்தா?

நண்பர் ஒருவர் மொழிபெயர்த்த கணினி வலையமைப்புப் பாடநூல் மெய்ப்புப் பார்க்க என் கைக்கு வந்தது. மூன்றாம் இயலில் ஒரு வரி தடுக்கிவிட்டது: "போக்குவரத்து அடுக்கு, போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்கப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது." மூலத்தில் முதலில் இருப்பது டிரான்ஸ்போர்ட், கடைசியில் இருப்பது டிராஃபிக். நண்பர் மேல் குற்றமில்லை. பேருந்து ஓட்டும் கழகமும் போக்குவரத்து, சந்தியில் நின்று கைகாட்டும் காவலரும் போக்குவரத்து என்று நாம்தான் வைத்திருக்கிறோம். சாலையில் இந்தக் கலப்பு யாரையும் உறுத்துவதில்லை. இணையத்தில் உறுத்துகிறது. அங்கே டிரான்ஸ்போர்ட் என்பது, தரவு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று கவனிக்கும் டிசிபி போன்ற நெறிமுறைகள் குடியிருக்கும் அடுக்கு. டிராஃபிக் என்பது கம்பியில் ஓடுவது, அளக்கப்படுவது, கணிதத்துக்குள் அடக்கப் பார்ப்பது.

டிராஃபிக் முதலில் சாலைச் சொல்லே அல்ல, சந்தைச் சொல். இத்தாலியத்தில் டிராஃபிகாரே என்றால் வணிகம் செய்தல். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அந்தப் பொருளோடுதான் நுழைந்தது. அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் சண்டை இருக்கிறது. அரபு என்பார் உண்டு, லத்தீன் என்பார் உண்டு. வண்டியும் ஆளும் போய்வருவதைக் குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். பழைய பொருளும் சாகவில்லை. போதைப்பொருளையும் மனிதரையும் கடத்தி விற்பதற்கு இன்றும் டிராஃபிக்கிங் என்றே பெயர்.

தமிழ்ப் பக்கம் வருவோம். போக்கு, வரத்து, போவதும் வருவதும். மாணிக்கவாசகரின் சிவபுராணம் இறைவனைப் போக்கும் வரவும் இல்லாதவன் என்கிறது. இணை அவ்வளவு பழையது. இதுவும் சாலைக்கு மட்டும் உரியதல்ல. "அந்த வீட்டோட எங்களுக்குப் போக்குவரத்தே கிடையாது" என்று ஊரில் ஒருவர் சொன்னால், பேருந்து வசதி இல்லை என்றா பொருள்? பேச்சும் கொடுக்கல் வாங்கலும் அற்றுப்போயின என்று பொருள். பழைய ஆங்கில டிராஃபிக்குக்கும் இதே நிழல் உண்டு. உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே வீட்டுக்கு வழி கண்டுபிடித்திருக்கின்றன.

இன்றைய பேச்சுத் தமிழில் டிராஃபிக் இன்னொரு திருகலைச் சந்தித்துவிட்டது. "செம டிராஃபிக்" என்றால் வண்டிகள் நகரவில்லை என்று அர்த்தம். வண்டிகள் சீராக ஓடினால் "டிராஃபிக்கே இல்ல" என்கிறோம். வலையமைப்புக்காரர் காதில் இது விநோதமாக விழும். அவருக்கு, நகர்வதுதான் டிராஃபிக். நகராமல் தேங்குவது கன்ஜெஷன். நெரிசல் என்ற நல்ல சொல் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. இணையம் முதன்முதலில் நெரிசலில் மூச்சுத் திணறியது 1986 அக்டோபரில். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜம் தூரம். வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பில் 40 பிட் போகத் தொடங்கியது. தரவைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புவார்கள், அவற்றுக்குப் பொதிகள் என்று பெயர். கணினிகள் பதில் வராத பொதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, அடைபட்ட வழியை மேலும் அடைத்தன. கம்பி நிறைய டிராஃபிக் ஓடியது. போய்ச் சேர்ந்தது மிகச் சொற்பம். வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட வழிமுறைகள்தான் டிசிபிக்கு அடக்கத்தைக் கற்றுக்கொடுத்தன. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

டிராஃபிக்கை முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தது தொலைபேசி. ஆக்னர் கிராரூப் எர்லாங் என்ற டென்மார்க்குக்காரர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்தார். அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வருகின்றன, தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் பாய்சான் பரவலுக்குள் அடங்குகின்றன என்று 1909இல் எழுதினார். எத்தனை கம்பி போட்டால் எத்தனை பேருக்கு இணைப்புக் கிடைக்காது என்ற சூத்திரத்தை 1917இல் தந்தார். அவர் பெயரே அலகாயிற்று. ஒரு கம்பி ஒரு மணி நேரம் இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது ஒரு எர்லாங். மணிக்கு 20 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்றாலும் அதே ஒரு எர்லாங்தான். அப்படியானால் ஒரு கம்பி போதுமே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள், அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு இணைப்பு இராது! 3 கம்பி போட்டால் நூற்றில் ஆறு பேருக்கு மறுக்கப்படும். 5 கம்பி போட்டால் ஆயிரத்தில் மூன்று பேருக்கு. இங்கே எர்லாங் அளப்பது போக்கையும் அல்ல, வரத்தையும் அல்ல, பளுவை. டிராஃபிக் இன்டென்சிட்டி என்று பொறியாளர் சொல்லும் இடத்தில் "வரத்துப் பளு" என்று எழுதலாம்; டிராஃபிக்குக்கு வரத்து என்ற சொல் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எர்லாங்கின் கணக்கு தொலைபேசிக்கு வெகுகாலம் ஈடுகொடுத்தது. கணினி வலைக்கும் அதையே போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் ஓடிய பல கோடிப் பொதிகளை ஒன்றுவிடாமல் நேரத்தோடு பதிந்துவைத்தார்கள். லேலண்ட், டக்கு, வில்லிங்கர், வில்சன் நால்வரும் அதை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை படித்தார்கள். அதில் ஒரு படம் புகழ்பெற்றது. அதே டிராஃபிக்கை, ஒரு கட்டத்துக்குள் எத்தனை பொதி என்று எண்ணி, 100 வினாடிக் கட்டம், 10 வினாடி, 1 வினாடி, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று ஐந்து விதமாக வரைந்திருந்தார்கள். பாய்சான் கணக்குப்படி கட்டம் பெரிதாகப் பெரிதாக மேடுபள்ளம் ஒன்றையொன்று சரிக்கட்டி, கோடு ஏறக்குறைய சமதரையாக வேண்டும். ஆகவில்லை. ஐந்திலும் அதே முரட்டு மேடுபள்ளம். எந்தப் படம் எந்தக் கட்டம் என்று அச்சைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதற்கு செல்ஃப்-சிமிலாரிட்டி என்று பெயர். "தன்னொப்புமை" எனக்குப் போதுமான சொல்லாகப் படுகிறது.

காரணம் மெதுவாகத்தான் தெளிந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரோவெல்லாவும் பெஸ்தாவ்ரோஸும் மொசைக் உலாவியில் மாணவர்கள் எதையெல்லாம் இறக்கினார்கள் என்று பதிந்து பார்த்தார்கள். கோப்புகளில் பெரும்பாலானவை பொடிசு. ஆனால் எங்கோ சில, யானை அளவு. புள்ளியியலில் இதைக் கனத்த வால் என்பார்கள். தொலைபேசியில் யாரும் மூன்று நாள் தொடர்ந்து பேசுவதில்லை, ஆகவே சராசரி நம்பத்தக்கது. கோப்புகளில் அந்த ஒன்றிரண்டு யானைகளே கம்பியை நெடுநேரம் பிடித்துக்கொள்ளும். எர்லாங் முற்றிலும் தோற்கவும் இல்லை. மனிதர் உட்கார்ந்து ஒரு தொடர்பைத் தொடங்கும் நேரங்கள் இன்னும் பாய்சானுக்குக் கட்டுப்படுகின்றன என்று பாக்சனும் ஃபுளாய்டும் 1995இல் காட்டினார்கள்; அந்தத் தொடர்புக்குள் பொதிகள் வரும் விதம்தான் கட்டுப்படவில்லை.  

மேடுபள்ளம் எவ்வளவு நீடிக்கும் என்பதை அளக்க பெல்கோர் நால்வர் எடுத்த அளவுகோல்தான் என்னை இந்தச் சொல்லாராய்ச்சிக்குள் இழுத்துவிட்டது. அதன் பெயர் ஹர்ஸ்ட் எண். ஹெரால்ட் எட்வின் ஹர்ஸ்ட் கணினிக்காரர் அல்ல. 1906இல் எகிப்துக்குப் போய் வாழ்நாளெல்லாம் நைல் நதியை அளந்தவர். அணை எவ்வளவு பெரிதாக இருந்தால் வறண்ட ஆண்டுகளைத் தாங்கும் என்பது அவர் கேள்வி. கெய்ரோவில் ரோடா தீவின் அளவுக்கிணற்றில் பல நூற்றாண்டுகளாகக் குறித்துவைத்த நீர்மட்டக் கணக்கு அவருக்குக் கிடைத்தது. நல்ல ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன, பஞ்ச ஆண்டுகளும் கூட்டமாகவே வருகின்றன என்று கண்டு 1951இல் வெளியிட்டார். ஆண்டுகளுக்கு நினைவே இல்லையென்றால் அந்த எண் 0.5 ஆக இருக்கும். ஆற்றில் அது 0.7ஐத் தாண்டி நின்றது. பெல்கோர் கம்பியில் 0.8, 0.9 அளவுக்குப் போயிற்று.

ஆற்றுக்கும் கம்பிக்கும் ஒரே அளவுகோல் என்றால் சொல்லும் ஒன்றாகவே இருக்கலாமே? மேட்டூர் அணைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் படிக்கிறோமே, அதன் பெயர் நீர்வரத்து. கோயம்பேட்டில் தக்காளி விலை ஏன் ஏறியது? வரத்துக் குறைந்துவிட்டது. ஆற்றுக்கும் சந்தைக்கும் ஏற்கெனவே பழகிய சொல், நேரத்துக்கு இவ்வளவு என்ற அளவையும் தனக்குள் வைத்திருக்கிறது. காத்திருப்பு வரிசைகளைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டில் எல்லாம் தொடங்கும் இடமான அரைவல், அதாவது வந்துசேர்தல், என்பதும் வரத்துதான். டிராஃபிக் என்ற சொல் பிறந்த சந்தைக்கே இது நம்மைத் திருப்பிக் கொண்டுபோகிறது என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

அந்தச் சந்தையும் கற்பனை இல்லை. நிறுவனங்கள் இணைய வரத்தை விலைக்கு வாங்குகின்றன. 5 நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்து, மாதக் கடைசியில் உச்சத்தில் இருக்கும் நூற்றுக்கு ஐந்தைக் கழித்து, மிஞ்சியதில் பெரியதற்குப் பணம் கேட்பது பரவலான வழக்கம். 30 நாள் மாதத்தில் 8,640 சராசரிகள். கழிவது 432, அதாவது 36 மணி நேரம். ஆனால் 5 நிமிடச் சராசரி பொய் சொல்லக்கூடியது. வினாடிக்கு 1 கிகாபிட் தாங்கும் கம்பி 30 வினாடி நிரம்பி வழிந்துவிட்டு மீதி நேரம் சும்மா கிடந்தால், வரைபடம் 100 மெகாபிட் என்று சாதுவாகக் காட்டும். அந்த 30 வினாடியில் விழுந்துபோன பொதிகளின் சுவடே அதில் இராது.

வரத்துக்கு எதிராகவும் இரண்டு சொல்லலாம். அது வருவதை மட்டும்தானே குறிக்கிறது, போவது எங்கே என்பது ஒன்று. கம்பியின் பக்கம் நின்று பார்த்தால் இரு முனையிலிருந்தும் வருவதுதான், போக்கு என்று தனியே ஒன்றில்லை. இரண்டாவது நியாயமான குறை: இரண்டாம் வேற்றுமையில் "வரத்தை" என்றாகி, சாமி கொடுத்த வரத்தோடு குழம்பும். அதனால் தனியே விடாமல் "தரவு வரத்து" என்றோ "இணைய வரத்து" என்றோ எழுதுவது நல்லது.

நண்பரின் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "போக்குவரத்து அடுக்கு, நெரிசல் ஏற்படாதபடி தரவு வரத்தை மட்டுப்படுத்துகிறது." நன்றாக இருக்கிறது என்றார். மாணவர்களுக்குப் புரிய வேண்டாமா, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் டிராஃபிக் என்று போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். போட்டேன்.