நிலம் இனாம், கட்டுமானம் மானியம், புல்லை யார் வெட்டுவது?

இந்த வருடத்தில் இது மூன்றாவது கூட்டம். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர், பக்கத்தில் மூடிக் கிடக்கும் ராணுவ முகாம், அதில் முன்னாள் வீரர்களுக்கு மாநில அரசின் கல்லறைத் தோட்டம் வேண்டும் என்று ஒரு கமிட்டி. நான் சிவில் என்ஜினீயர், இந்த மாதிரி நிலங்களில் மண்ணைச் சோதித்து வரைபடம் போடுவது என் பிழைப்பு. வியட்நாம் போருக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "நிலத்தை ராணுவம் சும்மா தருது, கட்ட வாஷிங்டன் நூறு சதவீதம் தருது, அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா இழுக்கறீங்க?" ஒரே கைதட்டல். போன வாரம் கடற்படையில் மகன் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவரும் இதையேதான் கேட்டார். அதனால் தமிழிலும் ஒருமுறை எழுதிவைத்துவிடுகிறேன்.

நூறு சதவீதம் என்பது உண்மைதான். 1978-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது, முதலில் பாதிச் செலவைத்தான் தந்தார்கள், 1998-இல் சட்டத்தை மாற்றி முழுக் கட்டுமானச் செலவையும் தருகிறார்கள். முதன்முதலில் வாங்கும் இயந்திரங்களுக்குக்கூடப் பணம் உண்டு. ஆனால் நிலம் வாங்கக் காசு கிடையாது. வரைபடச் செலவை மாநிலம் முதலில் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, மானியம் வந்த பிறகுதான் திரும்ப வாங்க முடியும். வரிசையும் உண்டு: ஏற்கனவே இயங்கும் தோட்டத்தில் இடம் தீரப்போகிறது என்றால் அதற்குத்தான் முதல் இடம், புதிதாகக் கேட்பவர்கள் பின்னால் நிற்கவேண்டும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. திறப்பு விழாவுக்கு அடுத்த நாளிலிருந்து அன்றாடப் பராமரிப்பு மாநிலத்தின் தலையில் என்பதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. யானையை இனாமாகக் கொடுக்கிறார்கள், தீனி உங்களுடையது. ஒரு நடுகல்லின் எடை 230 பவுண்டு, அதாவது நூறு கிலோவுக்கு மேல். வெள்ளைப் பளிங்கு, 42 அங்குல உயரம், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மண்ணுக்குள். மழையில் மண் இறங்கும், மண்ணெலி தோண்டும், கல் சாயும். வரிசை கோணினால் ஒரு ஆள் நூல் பிடிக்க, இரண்டு பேர் கல்லைத் தூக்கி, அடியில் சரளை போட்டு, மறுபடி நிறுத்தவேண்டும். இதை இந்த வருடம் மட்டுமல்ல, நம் பேரன் காலத்திலும் செய்யவேண்டும். ஒரு வீரரை அடக்கம் செய்தால் மத்திய அரசு மாநிலத்துக்கு ஒரு தொகை தரும், ஒரே ஒரு தடவை. மனைவிக்கோ கணவருக்கோ அதுவும் கிடையாது, அதனால்தான் பல மாநிலங்கள் துணைக்கு மட்டும் கட்டணம் வாங்குகின்றன. அதைக் கொள்ளை என்று திட்டாதீர்கள்.

கோயிலில் கட்டளை வைப்போமே, முதலைத் தொடாமல் வட்டியில் விளக்கெரியும், அதுதான் இங்கேயும் வேண்டும். அதை யார் வைக்கிறார்கள், எவ்வளவு என்று முடிவாகாமல் என்னை மண் சோதிக்கக் கூப்பிடாதீர்கள்.

அப்புறம் அந்த 'சும்மா' நிலம். கலிஃபோர்னியாவில் மான்டரே விரிகுடாவை ஒட்டிய ஃபோர்ட் ஆர்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 28,000 ஏக்கர், 1917-லிருந்து பீரங்கிப் பயிற்சி நடந்த இடம். 1990-இல் நச்சுக்கழிவு நிலங்களின் தேசியப் பட்டியலில் ஏறியது, 1994-இல் முகாம் மூடப்பட்டது. அங்கே சுமார் 3,300 ஏக்கரில் வெடிக்காத குண்டுகளைத் தேடி எடுக்க மட்டும் ராணுவம் ஒதுக்கியது ஏறத்தாழ 10 கோடி டாலர். கல்லறைத் தோட்டத்தின் முதல் கட்டத்துக்கு வந்த மத்திய மானியமோ சுமார் 70 லட்சம் டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீசைட் நகரில் அந்தத் தோட்டம் திறந்தது 2016 அக்டோபரில், முகாம் மூடி 22 வருடம் கழித்து. அப்போதும் சாம்பல் கலசம் வைக்கும் மாடங்கள்தான் தயார், உடலைப் புதைக்க வழியில்லை. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் மலைத்தொடர் தாண்டி சாண்டா நெல்லாவில் உள்ள தேசியக் கல்லறைத் தோட்டம் வரை போய் அடக்கம் செய்துவிட்டு வந்தன.

பழைய முகாம் ஒன்றில் குண்டு தேடுபவரோடு நடந்திருக்கிறேன். கருவி கீச்சென்றால் நிற்கவேண்டும், ஒரு சின்னக் கொடி நடவேண்டும், தோண்டிப் பார்க்கவேண்டும். காலை முழுக்க நாற்பது கொடி, எல்லாம் ஆணியும் டின்னும். நாற்பத்தோராவதும் டின்தான் என்று நான் அடித்துச் சொல்லவா? புல்வெளி வேறு, கல்லறைக்குழி வேறு. புல்வெளிக்கு மேல்மண் சுத்தமாக இருந்தால் ஓரளவு போதும். கணவன் மனைவிக்கு ஒன்றின்மேல் ஒன்றாகக் கான்கிரீட் பெட்டி இறக்கும் இடத்தில் அவ்வளவு ஆழத்துக்கும் சுத்தமாக இருக்கவேண்டும். இதற்கு மேல் தண்ணீர்ப் பங்கீடு, அரியவகைச் செடிகள், ஓக் மரங்கள்... அதெல்லாம் தனிக் கதை.

ஆகவே, தயவுசெய்து: குண்டு தேடி முடித்த அறிக்கை கைக்கு வருமுன் திறப்புத் தேதி அறிவிக்காதீர்கள். வயதானவர்கள் அந்தத் தேதியை நம்பிக் காத்திருக்கிறார்கள். நிலத்தில் ஒரு துண்டை வீடுகட்ட விற்று நிதி சேர்க்கலாம் என்பவர்கள், விற்பனை நடந்த பிறகு அந்தப் பணத்தை எண்ணுங்கள். முதல் கட்டத்தில் மாடங்களைக் கட்டுங்கள், இடமும் குறைவு, தண்ணீரும் குறைவு. வளைவும் கொடிமரமும் கடைசியில் வரட்டும்.

வீட்டில் முன்னாள் வீரர் இருக்கிறாரா? அவருடைய படைவிடுவிப்புச் சான்றிதழ், டிடி-214, எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். 1973-இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போய்விட்டன. வீட்டுப் பெட்டியில் இருக்கும் அந்த ஒரு தாள்தான் சிலருக்கு மிச்சம். அதுவோ வேறு சேவை ஆதாரமோ இல்லாமல் இடமும் உறுதியாகாது, மாநிலத்துக்கு வரவேண்டிய அந்த ஒற்றைத் தொகையும் வராது.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் நேற்று வந்தது. முதல் பொருள், நுழைவாயில் வளைவின் வடிவம். பராமரிப்பு நிதி ஏழாவது, போனமுறை அது பட்டியலிலேயே இல்லை.