போதைப்பொருள்: பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

புகையிலை போதைப்பொருளா என்பதுதான் கேள்வி. முதலில் சொல்லைப் பார்ப்போம். போதைப்பொருள் என்பதைப் பிரித்தால் போதை, பொருள் என்று இரண்டே துண்டுகள். போதை தரும் பொருள். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சொற்பொருளை அப்படியே நம்பினால் சிங்கப்பூரில் கணக்கு உதைக்கும். பீர் போதை தரும், காப்பிக்கடையிலேயே கிடைக்கும். அது போதைப்பொருள் இல்லை. சிகரெட் யாரையும் தள்ளாட வைப்பதில்லை, ஆனால் பிடித்தவரை எளிதில் விடுவதுமில்லை; அதுவும் போதைப்பொருள் இல்லை. எட்டோமிடேட் என்பது மருத்துவமனையில் ஊசிவழி செலுத்தும் மயக்க மருந்து. 2025 செப்டம்பர் 1 அன்று அது போதைப்பொருள் ஆனது.

காரணம் எளிது. சட்டம் பெரும்பாலும் போதையை அளப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறது. 1973-இல் வந்த போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் ஏ, பி, சி என்று வகுப்புகள் பிரித்த ஓர் அட்டவணை உண்டு. அதில் பெயர் இருந்தால் போதைப்பொருள். இல்லாவிட்டால் பொதுவாக இல்லை. ஹெராயின், கஞ்சா, அபின், ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் எல்லாம் மிகக் கடுமையான ஏ வகுப்பு. 15 கிராமுக்கு மேல் டைமார்ஃபின் (தூய ஹெராயின்), 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தியதாக நிரூபிக்கப்பட்டால் மரண தண்டனை வரை போகும். எட்டோமிடேட் சி வகுப்பில் சேர்க்கப்பட்டது. ‘கேபாட்’ என்ற பெயரில் அதை மின்சிகரெட்டில் ஊற்றி இளையர்கள் இழுக்கத் தொடங்கியதால் வந்த சேர்க்கை அது. அதற்குச் சில நாள்கள் முன்னர்தான் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில், மின்சிகரெட்டை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகவே அணுகப்போவதாகச் சொன்னார்.

உலக அளவிலும் இதே கதைதான். 1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டு உடன்படிக்கை அபினையும் கோக்காவையும் கஞ்சாவையும் மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் மட்டும் என்று கட்டிப்போட்டது. புகையிலையை அது தொடவே இல்லை. புகையிலைக்குத் தனி உடன்படிக்கை 2003-இல் உலகச் சுகாதார நிறுவனத்தில் உருவாகி 2005-இல் நடப்புக்கு வந்தது. முன்னது தடுக்கச் சொல்கிறது. பின்னது குறைக்கச் சொல்கிறது. புகையிலையால் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று கணக்கிடுவதும் அதே உலகச் சுகாதார நிறுவனம்தான்.

இனிச் சொல்லுக்கு வருவோம். பழந்தமிழில் இந்த இடத்தில் நின்ற சொற்கள் களியும் மகிழும். கள், களி, களிப்பு எல்லாம் ஒரே குடும்பம். கள்ளுண்டு வரும் நிலையை மகிழ் என்றும் சொன்னார்கள். இன்று மகிழ்ச்சியில் கள்வாடை துளியும் இல்லை, திருமண அழைப்பிதழில்கூடத் தயங்காமல் அச்சிடுகிறோம். பிறகு லாகிரி வந்தது. அலை என்று பொருள்படும் லகரி என்ற வடசொல்லோடு உறவுள்ள சொல் அது. மலையாளத்தில் இன்றும் போதைக்கு லகரிதான். தமிழில் ‘லாகிரி வஸ்து’ ஒரு காலத்து மேடைப் பேச்சுகளில் புழங்கி ஓய்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் ‘போதை மருந்து’ என்பதும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நஞ்சுக்கு மருந்தென்று பெயர் வைப்பதுபோல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டிரக்’ என்றால் மருந்து, போதைப்பொருள் இரண்டுமே. சிங்கப்பூரின் மற்ற மொழிகள் அந்தக் குழப்பத்தை ஏற்கவில்லை. மலாயில் மருந்து ஊபாட், போதைப்பொருள் டாடா. சீனத்தில் போதைப்பொருள் ‘தூபின்’, நேர்ப்பொருள் நச்சுப்பொருள். மூன்று மொழிகளிலும் சுவர் எழுப்பியாகிவிட்டது. ஆனால் மார்ஃபினும் எட்டோமிடேட்டும் அந்தச் சுவருக்கு இருபுறமும் ஒரே நாளில் நடமாடுகின்றன.

அதே போதைப்பொருள் என்ற சொல் தமிழ்நாட்டில் இன்னும் அகலமானது. 2013-இல் அங்கே குட்கா தடைசெய்யப்பட்டது. ‘குட்கா உள்ளிட்ட போதைப்பொருள்கள் பறிமுதல்’ என்று அங்கே செய்தி வருவது வாடிக்கை. சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியில் அப்படி எழுதமாட்டார்கள். இங்கே போதைப்பொருள் என்றால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு கையாள்வது. மற்றது வேறு கணக்கு. ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் ஒருவரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஒருவரும் ‘புகையிலை போதைப்பொருளா’ என்று வாதிட்டால், பாதி நேரம் ஆளுக்கொரு பொருளில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

புகையிலை என்ற பெயரைப் பாருங்கள். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த செடி. அவர்கள் வாயில் அது தபாக்கோ. மலாய்க்காரர்கள் அந்த ஒலியையே வாங்கித் தெம்பாக்காவ் ஆக்கிக்கொண்டார்கள். நாம் ஒலியை வாங்கவில்லை. புகைக்கிற இலை, புகையிலை. தெலுங்கில் பொகாகு, கன்னடத்தில் ஹொகெசொப்பு, மலையாளத்தில் புகயில, சிங்களத்தில் தும்கொள. எல்லாமே புகையையும் இலையையும் சேர்த்துக் கட்டியவை. சீனர்கள் புகைப்புல் என்று பொருள்படும்படி ‘யென்ட்சாவ்’ என்றார்கள். பெயரில் போதையும் இல்லை, மயக்கமும் இல்லை. கள்ளுக்கும் அபினுக்கும் ஒட்டிக்கொண்ட கெட்ட பெயர் இதற்கு ஒட்டாமல் போனதில் அந்தப் பெயரின் அப்பாவித்தனத்துக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

நாம் உலகுக்குக் கொடுத்ததும் ஒன்று உண்டு. சுருட்டு என்பது சுத்தமான தமிழ். ஆங்கிலத்தின் ‘செரூட்’ இதிலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. மலாயின் செருத்தும் இதே வழிவந்த உறவுதான். சிகரெட்டுக்கு ‘வெண்சுருட்டு’ என்று ஒரு தமிழாக்கம் உண்டு. மலேசிய ஏடுகளில் பார்க்கலாம். கடையில் போய் வெண்சுருட்டு கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை.

நிகோடின் என்ற சொல்லில் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார். ஷான் நிக்கோ, லிஸ்பனில் இருந்த பிரெஞ்சுத் தூதர். 1560 வாக்கில் புகையிலையைத் தம் நாட்டு அரண்மனைக்குத் தலைவலி மருந்தாக அனுப்பிவைத்தார். புகையிலை ஐரோப்பிய அரண்மனைக்குள் நுழைந்ததே மருந்தென்ற பெயரில்தான்.

சீனத்தின் ‘யென்’ என்ற சொல்லில்தான் எனக்கு அதிக ஆர்வம். அதற்குப் பொருள் புகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைக்கூடம் என்று பொருள்படும் ‘யென்குவான்’ என்றால் அபின் புகைக்கும் கூடம். ‘ஜின்யென்’, அதாவது புகைத்தடை, என்றால் அபின் ஒழிப்பு. 1839-இல் சீனப் பேரரசின் அதிகாரி லின் ஸெஷு ஹூமென் என்ற ஊரில் அபினை அழித்தபோது நடந்ததும் ஜின்யென்தான். இன்று அதே சொல்லுக்குச் சிகரெட் பிடிக்கத் தடை என்று பொருள். ஒரு காலத்தில் அபினும் புகையிலையும் ஒரே பெயருக்குள் இருந்தன. பிறகு ஒன்று சட்டத்துக்கு வெளியே போனது, மற்றது உள்ளேயே தங்கியது.

அந்தப் பிரிவு சிங்கப்பூரில் நடந்த விதம் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பாசிர் பாஞ்சாங் பக்கம் போனால் புக்கிட் சண்டு என்று ஒரு குன்று. 1942 பிப்ரவரியில் மலாய்ப் படையணி ஜப்பானியரோடு பொருதிய இடம் என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். சண்டு என்றால் புகைப்பதற்காகக் காய்ச்சிப் பதப்படுத்திய அபின். இந்தியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். குன்றுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், கீழே இருந்த சண்டு ஆலை. கள்ளச்சந்தை ஆலை இல்லை, அரசாங்க ஆலை. முதலில் அபின் குத்தகைக்கு விடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் காலனி அரசின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தக் குத்தகையிலிருந்து வந்தது. 1910-இல் குத்தகைக்காரரை ஒதுக்கிவிட்டு அரசே காய்ச்சி, அரசே பொட்டலம் கட்டி, அரசே விற்றது. சீனத் தொழிலாளர்களுக்குச் சண்டு என்றால் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அரசாங்கக் கள்ளுக்கடை. யாரையும் விட்டுவைக்கவில்லை.

1943-இல் பிரிட்டிஷ் அரசு கொள்கையை மாற்றியது. போர் முடிந்து திரும்பியவர்கள் 1946-இல் அபினைத் தடைசெய்தார்கள். நேற்றுவரை கருவூலத்தை நிரப்பியது இன்று குற்றம். அபினின் குணம் மாறவில்லை; அதை விற்றுப் பிழைக்க வேண்டாம் என்ற முடிவுதான் புதிது.

‘புகையிலைக்கு ஏன் அந்த முடிவு வரவில்லை’ என்பதுதான் பலரும் கேட்பது. பாதி வந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2016 ஆகஸ்ட் 1 முதல் மூக்குப்பொடி, குட்கா, கைனி, ஜர்தா எதுவும் இங்கே விற்கக் கூடாது. நீர்க்குழாய் வழி புகைக்கும் ஷிஷாவும் அதே நாளோடு முடிந்தது. மின்சிகரெட்டை 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதே குற்றம். மிஞ்சியவை சிகரெட், சுருட்டு, பீடி, கையால் சுருட்டிப் புகைக்கும் அங் ஹூன் புகையிலை போன்றவை. தாத்தாவின் பொடி டப்பா யார் மூக்கிலும் புகை ஏற்றியதில்லை, அதற்குத் தடை. பக்கத்து வீட்டுக்காரரின் சன்னல்வழி வரும் சிகரெட் புகைக்கு அனுமதி. கேடு எதில் அதிகம் என்று பார்த்து வகுத்த எல்லை இல்லை இது. வேரூன்றாதவற்றை நுழையவிடாமல் தடுப்பது எளிது. ஏற்கெனவே வேரூன்றியதைப் பிடுங்குவது கடினம். அவ்வளவே கணக்கு.

அதற்காக நாளைக் காலை சிகரெட்டையும் அந்த ஏ வகுப்பில் சேர்த்துவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். ஏ வகுப்புப் பொருளை உட்கொண்டால் பத்தாண்டுவரை சிறை, 20,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டுமே. 2020-இல் சிங்கப்பூரில் பத்துப் பெரியவர்களில் ஒருவர் நாள்தோறும் புகைத்தவர். அத்தனை பேரையும் ஒரே இரவில் குற்றவாளியாக்கும் சட்டத்தைக் கடைக்கோடி வரை நடத்த முடியாது. பூட்டான் 2004-இல் புகையிலை விற்பனையைத் தடைசெய்து பார்த்தது. எல்லை தாண்டிக் கடத்தல் ஓயவில்லை, 2021-இல் தடையை விலக்கிக்கொண்டது. இங்கே தடை இல்லாமலே கள்ளச் சிகரெட் மலேசியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி வருகிறது. தீர்வை கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு சிகரெட்டிலும் ‘எஸ்டிபிசி’ என்று அச்சிட வேண்டும் என்று 2009-இலேயே விதி கொண்டுவந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ‘தடை முடியாது, ஆகவே இப்படியே இருக்கட்டும்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2023 பிப்ரவரியில் தீர்வை 15 விழுக்காடு ஏறி ஒரு சிகரெட்டுக்கு 49.1 காசு ஆனது. குறைந்தபட்ச வயது 2021-க்குள் படிப்படியாக 21-க்கு ஏறியது. 2020 ஜூலை முதல் எல்லாப் பெட்டியும் ஒரே மங்கல் நிறம். இவை சரியான திசைதான். மீதமுள்ள படி, வயதை உயர்த்துவதை விட்டுப் பிறந்த ஆண்டை நிலையாக்குவது. இந்த யோசனை வெளியூரிலிருந்து வந்ததில்லை. 2000 முதல் பிறந்தவர்களுக்குப் புகையிலை விற்கவே வேண்டாம் என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2010-இல் எழுதி வைத்தது. நியூசிலாந்து 2022-இல் அதுபோல் சட்டம் இயற்றி, ஆட்சி மாறி, 2024-இல் ரத்துச் செய்தது. மாலத்தீவு 2025 நவம்பர் 1 முதல், 2007 முதல் பிறந்த எவருக்கும் விற்பதில்லை. புகைக்கிற மாமாவைச் சிறையில் போடாமலேயே அவர் பேரனிடம் அது போகாமல் நிறுத்தும் வழி இது. யோசனை பிறந்த ஊரில் அது இன்னும் காத்திருக்கிறது.

கடைசியாக, எழுதுவோர் கவனிக்க ஒரு செய்தி. ‘அவருக்குச் சிகரெட் பழக்கம் உண்டு’ என்கிறோம். ‘அவன் கஞ்சாவுக்கு அடிமை’ என்கிறோம். ஒருவர் ‘அவர்’, மற்றவன் ‘அவன்’. ஒன்று பழக்கம், மற்றது அடிமைத்தனம். நிகோடின் பிடியை அறிந்த மருத்துவர் எவரும் அதைப் பழக்கம் என்ற மெல்லிய சொல்லில் அடக்கமாட்டார். சிங்கப்பூர்த் தமிழ் உருவாக்கிய ‘போதைப்புழங்கி’ வேறு வகை. புழங்குதல் என்றால் பயன்படுத்துதல். திட்டும் தொனி இல்லாத நல்ல ஆக்கம், ஆனாலும் கணினி, இயக்கி வரிசையில் ஏதோ கருவியின் பெயர்போல ஒலிப்பதை மறுக்க முடியாது.

அடிமையாக்கும் குணத்தைச் சுட்டப் ‘பற்று’ சரிப்படாது. அது மொழிப்பற்றுக்கும் நாட்டுப்பற்றுக்கும் உரியது. ‘சார்பு’ மருத்துவ ஏட்டில் பொருந்தும், பேச்சில் ஒட்டாது. ‘அடிமையாக்கும் பொருள்’ என்று நேராகவே சொல்லலாம். அதில் சிகரெட்டும் சாராயமும் ஹெராயினும் சேர்ந்தே அடங்கும். போதைப்பொருள் என்பதைச் சட்டப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். தேர்வுக் கட்டுரையில் ‘புகையிலை ஒரு போதைப்பொருள்’ என்று எழுதும் மாணவரின் வரியை ஆசிரியர் அடித்துவிட வேண்டியதில்லை. ‘போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்படாத, அடிமையாக்கும் பொருள்’ என்று திருத்தித் தந்தால் போதும்.