இன்டெரோசெப்ஷன்: தமிழில் என்ன சொல்வது?

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் கடிகாரம் பார்த்து மூழ்குவதில்லை. கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, பாசி சேர்க்க ஒரு சாக்கு, அடக்கிய மூச்சு. அவ்வளவுதான். “எப்ப மேலே வரணும்னு எப்படித் தெரியும் சித்தி?” என்று ஒருமுறை கேட்டேன். “நெஞ்சு முட்டுறதுக்கு முன்னாடியே ஒரு மாதிரி இருக்கும். அப்பவே வந்துரணும்” என்றார்.

அந்த ‘ஒரு மாதிரி’யை அறியும் திறனுக்குத்தான் இன்டெரோசெப்ஷன் என்று பெயர். இதயத் துடிப்பு, பசி, தாகம், மூச்சுத் திணறல், சிறுநீர் முட்டுவது என உடம்புக்குள் நடப்பதை மூளை அறிவது. நெஞ்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதைத்தான் உடல் முதலில் உரக்கச் சொல்கிறது.

சொல்லின் வேர் இலத்தீன்: ‘உள்ளே’, ‘பெறுதல்’. ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906-இல் வெளியிட்ட நூலில், உணர்வுச் செய்தியை வாங்கும் புலன் வாங்கிகளை வகை பிரிக்கும்போது இதன் பெயரடை வடிவத்தைப் பயன்படுத்தினார். அவர் முக்கியமாகக் குறித்தது குடல் போன்ற உட்பரப்புகளை. இன்று பொருள் விரிந்துவிட்டது. உடம்புக்குள்ளிருந்து வரும் இந்தச் செய்திகள் போய்ச் சேரும் முக்கியமான இடம், மூளையின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா. இலத்தீனில் அதற்குத் தீவு என்று பொருள், ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு மறக்காது.

மனதுக்கு இதில் என்ன வேலை? உடம்பில் ஏற்படும் மாற்றத்தை உணர்வதுதான் உணர்ச்சியே என்று அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் எழுதினார். அதை முழுதாக ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில், கடலுக்குப் போன படகு திரும்பாத வீட்டில் கேளுங்கள். “ஈரக்குலை நடுங்குது”, “வயித்துல புளியைக் கரைக்குது” என்பார்கள். அச்சம் அங்கே உடம்பின் மொழியில்தான் பேசும். அதே படபடப்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் வரும், ஆனால் அதை நாம் பயம் என்று சொல்வதில்லை. துடிப்பு ஒன்றுதான், சூழலை வைத்து மூளை அதற்கு வேறு பொருள் தருகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உள்ளுணர்வு’ என்றால் காரணம் தெரியாமல் மனதில் தோன்றும் அறிவு என்ற பொருள் முந்திக்கொள்ளும். தொல்காப்பியத்தின் ‘மெய்ப்பாடு’ அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அது மனதில் எழுந்தது மெய்யில் வெளிப்படுவதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது உடலிலிருந்து மனதுக்குப் போகும் வழி. ‘மெய்யுணர்வு’ என்று வைக்கலாமென்றால், மெய்ப்பொருளை அறிவது என்ற பொருளில் வள்ளுவர் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார் (குறள் 354).

‘உடலக உணர்வு’ என்பதே என் தேர்வு. உடலின் அகத்தை உணர்வது. வேறு பொருளோடு மோதாது. செய்தியை வாங்கும் நரம்பு முனையை ‘உடலக உணர்வி’ என்றும் எழுதலாம். பேச்சில், சித்தியின் ‘ஒரு மாதிரி’ போதும்.